கஞ்சாவைக் குறைக்க ஆன்லைன் சுயஉதவித் திட்டங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு பலிக்கிறது?

கஞ்சாவைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பலர் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும், வேலை போகுமோ, சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்று ஆயிரம் யோசனை. கடைசியில் ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் போனை எடுத்துத் தேடுவார்கள். ஆறு வாரத் திட்டம், ஐம்பது நாள் திட்டம், நாள் எண்ணும் செயலி, பெயர் சொல்லாமல் பேசும் சாட் என்று வரிசையாக வந்து விழும். இதில் எதை நம்புவது?

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 22.8 கோடிப் பேர் கஞ்சா பயன்படுத்தினார்கள். அதனால் சிக்கலுக்கு ஆளானவர்களில் சிறு பகுதியினரே ஒரு ஆலோசகர் முன் போய் உட்காருகிறார்கள். மீதிப் பேரை எட்டுவதற்காகத்தான் ஆன்லைன் சுயஉதவித் திட்டங்கள் உருவாயின. இவற்றால் பலன் உண்டு, ஆனால் அது சராசரியாகச் சிறியது. ஏன் சிறியது, அதைப் பெரிதாக்குவது எது என்பதுதான் இங்கே விளங்க வேண்டிய விஷயம்.

## முதலில், குறைப்பது ஏன் கஷ்டம்?

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருளின் பெயர் டிஎச்சி. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-ல் இதைத் தனியாகப் பிரித்து, இதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். மூளை செல்களின் மேல் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்றால் குறிப்பிட்ட ரசாயனம் வந்து ஒட்டும் இடம். நம் உடம்பே சுரக்கும் அனந்தமைடு என்ற பொருள் இங்கே வந்து ஒட்டி, பசி, தூக்கம், பதற்றம், நினைவு போன்றவற்றைச் சீர்படுத்துகிறது. 1992-ல் கண்டுபிடிக்கப்பட்ட அதற்கு ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே பெயரிட்டார்கள்.

டிஎச்சி அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். முன்பு கிடைத்த அதே உணர்வுக்கு இப்போது கூடுதலாகப் புகைக்க வேண்டியிருக்கும். இதைத்தான் ‘உடம்பு பழகிவிட்டது’ என்கிறோம். இந்த மாற்றம் நிரந்தரமானதல்ல என்பது நல்ல செய்தி. தினமும் புகைத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் நான்கு வாரம் நிறுத்திய பிறகு மூளையின் பெரும்பாலான பகுதிகளில் சிபி1 ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன.

அந்த நான்கு வாரத்தைக் கடப்பதுதான் பாடு. கஞ்சாவை நிறுத்தினால் உடம்பு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளை முதல்முறையாகத் தனி நோய்நிலையாகச் சேர்த்தது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, விபரீதக் கனவுகள், பசியின்மை, நிலைகொள்ளாமை, மனம் சோர்ந்துபோதல் ஆகியவை முக்கியமானவை. சிலருக்கு வியர்வை, தலைவலி, வயிற்றுவலியும் வரும். பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தணியும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதத்தைத் தாண்டியும் இழுக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறுத்திய மூன்றாம் நாள் ராத்திரி கண்ணை மூட முடியவில்லை. ஒரு இழுப்பு இழுத்ததும் தூக்கம் வந்துவிட்டது. ‘பார், எனக்குத் தூங்கவே இது தேவை’ என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். உண்மையில் அந்தத் தூக்கமின்மையைக் கொண்டுவந்ததே கஞ்சா பழக்கம்தான். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டவருக்கு மூன்றாம் நாள் ராத்திரி வேறு மாதிரி இருக்கும். ஒரு நல்ல திட்டம் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடும்.

## ‘பிரச்சினை’ என்பதை எப்படி அளக்கிறார்கள்?

மேலே சொன்ன கையேடு ‘கஞ்சா பயன்பாட்டுக் கோளாறு’ என்பதற்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகமாகப் புகைப்பது, குறைக்க முயன்று தோற்பது, அதற்கான ஏக்கம், வேலையும் உறவும் கெட்டும் தொடர்வது போன்றவை அவற்றுள் சில. ஓராண்டுக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம், 6-ம் அதற்கு மேலும் இருந்தால் தீவிரம்.

ஆன்லைன் திட்டங்கள் பலவும் இதைவிடச் சுருக்கமான க்யூடிட்-ஆர் என்ற 8 கேள்விச் சோதனையைத் தருகின்றன. மொத்த மதிப்பெண் 32. எட்டும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்தான பயன்பாடு, 12-ஐத் தொட்டால் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். இது சல்லடைதான், நோய் என்று முத்திரை குத்தும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## ஒரு திட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். நேரடி ஆலோசனையில் ஏற்கெனவே பலன் கொடுத்த முறைகளைத் திரைக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறார்கள்.

1. இருமனத்தை எடுத்து வைப்பது. விட வேண்டும் என்றும் இருக்கும், விடவும் மனசு வராது. இந்த இரண்டு குரலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்து, பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்க உரையாடல் முறையின் அடிப்படை இது. யாரும் புத்தி சொல்லக் கூடாது, காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

2. இலக்கு வைப்பது. வாரத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, எந்த நேரத்துக்கு முன் தொடுவதில்லை என்று எண்ணில் எழுதுவது.

3. நாட்குறிப்பு. என் கணிப்பில் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்:

“வியாழன், இரவு 10.15. ஒன்று. தனியாக. வேலை முடித்து லேப்டாப்பை மூடிய உடனே. ஏக்கம் 10-க்கு 7. அதற்கு முன் மனநிலை: சலிப்பு, மேலாளர் மேல் கோபம். அதற்குப் பின்: ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு வெறுமை.”

ஒரு பதிவைப் பார்த்தால் எதுவும் புரியாது. இரண்டு வாரம் ஆகட்டும். 19 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன, அதில் 13 லேப்டாப்பை மூடிய அரை மணி நேரத்துக்குள் நடந்தவை. ‘நான் நாள் முழுக்க அதற்கு அடிமை’ என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு எதிரி யாரென்று தெரிந்துவிட்டது: அந்த அரை மணி நேரம். நாள் முழுவதையும் மாற்றுவது மலைப்பாக இருக்கும். அரை மணி நேரத்தை மாற்றுவதற்கு ஒரு வழி யோசிக்கலாம்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ‘ஒன்று’ என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில் டிஎச்சி அளவு 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்தது, 2014-ல் சுமார் 12 சதவீதமாகிவிட்டது. எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு, வீரியம் கூடியதற்கு மாறினால் உடம்புக்குப் போகும் அளவு குறைந்திருக்காது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-ல் 5 மில்லிகிராம் டிஎச்சியை ஆய்வுகளுக்கான பொது அலகாக அறிவித்தது. வீட்டில் அதை அளப்பது பெரும்பாலும் முடியாத காரியம் என்பதால், பயன்படுத்தாத நாட்களை எண்ணுவதுதான் நம்பகமான கணக்கு.

4. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து நிலைநாட்டிய உத்தி இது. ‘இனிமேல் குறைத்துக்கொள்வேன்’ என்பது வெறும் ஆசை. ‘லேப்டாப்பை மூடியதும் செருப்பை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடப்பேன்’ என்பது திட்டம். நேரமும் செயலும் முன்பே கட்டிப்போடப்பட்டிருப்பதால், களைத்துப்போன மனசு அந்த வேளையில் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

5. ஏக்கத்தைக் கடப்பது. ஏக்கம் எழும், உச்சிக்குப் போகும், அடங்கும். அதோடு மல்லுக்கு நிற்காமல், அடங்கும்வரை கவனித்துக்கொண்டிருக்கப் பழக்குகிறார்கள். உளவியலாளர் ஆலன் மார்லாட் அலைச்சறுக்கோடு ஒப்பிட்டு விளக்கிய பயிற்சி இது.

6. வழுக்கலைக் கையாள்வது. ஒருநாள் வழுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்புவது வேறு. ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற எண்ணம்தான் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது என்று மார்லாட் காட்டினார். அதனால் நல்ல திட்டம் வழுக்கிய நாளையும் நாட்குறிப்பில் எழுதச் சொல்லும், தொடர்ந்து சேர்த்த நாட்களைச் சட்டென்று பூஜ்யமாக்கி முகத்தில் அடிக்காது. எண்ணிக்கையை மட்டும் பெரிதாகக் காட்டும் செயலிகள் இந்த இடத்தில் ஆளை நோகடிக்கின்றன. நாற்பது நாள் சேர்த்தவர் ஒரே இரவில் ‘0’ என்று பார்க்கும்போது, அடுத்த நாள் அந்தச் செயலியைத் திறக்கவே கை வராது.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இணையவழி, கணினிவழிக் கஞ்சா திட்டங்கள் பற்றிய 10 ஆய்வுகளை, மொத்தம் 4125 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2013-ல் வந்தது. கிடைத்த பலனின் அளவு 0.16. புள்ளியியலில் 0.2 என்பதையே ‘சிறியது’ என்பார்கள். எளிமையாகச் சொன்னால், திட்டம் இல்லாத நூறு பேரை முன்னேற்றத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில், ஐம்பதாவது இடத்தில், ஒருவர் இருப்பார். திட்டத்தில் சேர்ந்த சராசரி ஆள் அந்த வரிசையில் ஏறக்குறைய 56-வது இடத்தில் இருப்பார். ஆளுக்கு ஆள் பார்த்தால் இது சிறிய நகர்வு. ஆனால் ஆலோசகரே கிடைக்காத லட்சம் பேரை அதிகச் செலவில்லாமல் எட்ட முடியும் என்றால் கணக்கு மாறுகிறது.

தனித்தனி ஆய்வுகளைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்.

ஆஸ்திரேலியாவில் ஆறு பாடங்கள் கொண்ட ஒரு திட்டத்தை 225 பேரிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆலோசகர் யாரும் கிடையாது, எல்லாம் தானே செய்ய வேண்டும். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவுக்குக் கஞ்சா பற்றிய தகவல்களை மட்டும் கொடுத்தார்கள். ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் திட்டக் குழு குறைவான நாட்களே புகைத்தது. தகவல் தெரிவது மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த ஆறு பாடத்தில் சராசரியாக ஒருவர் முடித்தது மூன்றரைதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கேன்ரெட்யூஸ் ஆய்வு 2015-ல் வந்தது. 308 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்குச் சுயஉதவியோடு ஆலோசகருடன் சாட், இரண்டாவதற்குச் சுயஉதவி மட்டும், மூன்றாவது பிரிவு காத்திருப்புப் பட்டியல், அதாவது அப்போதைக்கு எந்தத் திட்டமும் கிடையாது. மூன்று மாதம் கழித்து, சாட் இருந்த பிரிவு மற்ற இரண்டையும்விட அதிகம் குறைத்திருந்தது. சுயஉதவி மட்டும் பெற்றவர்கள் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாக முந்தவில்லை.

ஜெர்மனியில் 2004-ல் தொடங்கிய ‘க்விட் த ஷிட்’ சோதிக்கப்பட்டபோது ஐம்பது நாள் திட்டமாக இருந்தது. ஆலோசகரோடு ஒரு தொடக்க சாட், தினமும் நாட்குறிப்பு, வாரம் ஒருமுறை அந்த நாட்குறிப்பைப் படித்த ஆலோசகர் எழுதும் பதில், கடைசியில் இன்னொரு சாட். இதன் சோதனையில் 1292 பேர் சேர்ந்தார்கள். பங்கேற்றவர்கள் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள், ஆனால் மூன்று மாதம் கழித்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் 206 பேர்தான். மீதிப் பேருக்கு என்னாயிற்று என்று தெரியாதவரை, முன்னேற்றக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். இந்தத் துறையின் பெரிய ஓட்டை இதுதான்.

## ஏன் பாதியில் விடுகிறார்கள்?

திரை எதையும் கட்டாயப்படுத்தாது. ஆலோசகரைச் சந்திக்க நேரம் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் ஒரு உறுத்தல் இருக்கும். செயலியைத் திறக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அதிலும், வழுக்கிய வாரத்தில்தான் திட்டம் அதிகம் தேவை, அதே வாரத்தில்தான் அதைத் திறக்கக் கூச்சமாக இருக்கும்.

மனிதர் ஒருவர் இருப்பதன் மதிப்பு இங்கேதான் தெரியும். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. “செவ்வாயும் புதனும் நீங்கள் எழுதவில்லை. கஷ்டமான நாட்களாக இருந்திருக்கலாம். முடிந்தால் அந்த இரண்டு நாளைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்” என்ற ஒரு பதில் போதும். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதத் தோன்றும்.

ஆனாலும் ஆலோசகர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஸ்வீடனில் ஆலோசகர் வழிகாட்டிய ஓர் ஆன்லைன் திட்டம், பயன்படுத்தும் நாட்களைக் குறைப்பதில் மூன்று மாத முடிவில் காத்திருப்புப் பட்டியலைத் தெளிவாக வெல்லவில்லை. இரண்டு குழுவுமே குறைத்திருந்தன. குறைக்கலாம் என்று முடிவெடுத்து, பதிவு செய்து, தன் பயன்பாட்டைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுவதே ஒரு சிகிச்சை மாதிரி வேலை செய்கிறது என்று இதை வாசிக்கலாம்.

## குறைப்பதா, முழுக்க விடுவதா?

இரண்டுமே நியாயமான இலக்குதான். முழுக்க விட்டால்தான் சேர்ப்போம் என்று கதவை மூடினால், இன்னும் முடிவெடுக்காத பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். குறைக்கத் தொடங்கியவர்களில் சிலர் போகிற வழியில் ‘விட்டே விடலாம்’ என்று மாறுவதும் உண்டு. ஒவ்வொரு நாளும் ‘ஒன்றா, இரண்டா’ என்று தனக்குள் பேரம் பேசிக் களைத்துப்போகிறவருக்கு, முழுக்க நிறுத்துவது உண்மையில் சுலபமாகவும் இருக்கலாம்.

பல திட்டங்கள் போதிய கவனம் கொடுக்காத ஒன்று புகையிலை. கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து சுருட்டுகிறவர் கஞ்சாவை நிறுத்தினால் நிகோடினும் சேர்ந்தே நிற்கிறது. அந்த எரிச்சலில் எது கஞ்சாவால், எது நிகோடினால் என்று பிரிக்க முடியாது. கஞ்சாவை விட்டு சிகரெட்டைக் கூட்டுகிறவர்களும் உண்டு. நிகோடினுக்கு ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. கஞ்சா பயன்பாட்டுக் கோளாறுக்கென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுவரை ஒரு மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. ஆகவே கலந்து புகைக்கிறவர் இரண்டுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

## சேருமுன் கேட்க வேண்டியவை

1. நடத்துவது யார்? பல்கலைக்கழகமா, பொதுச் சுகாதார அமைப்பா, விளம்பர வருமானத்தில் ஓடும் நிறுவனமா?
2. இந்தத் திட்டத்தையே சோதித்த ஆய்வு வெளியாகியிருக்கிறதா? ‘அறிவியல்பூர்வமானது’ என்ற வாசகம் மட்டும் போதாது.
3. நாட்குறிப்புக்கு யாராவது பதில் எழுதுவார்களா, அல்லது தானியங்கி நினைவூட்டல் மட்டும்தானா?
4. என்ன விவரம் கேட்கிறார்கள்? பெயரும் போன் நம்பரும் இல்லாமல் சேர முடியுமா? என் தரவை நானே அழிக்க முடியுமா?

நான்காவது கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கஞ்சா பல நாடுகளில் தண்டனைக்குரியது. எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாரோடு என்ற நாட்குறிப்பு ஒருவர் கைப்பட எழுதிய வாக்குமூலத்துக்குச் சமம். மனநல ஆலோசனைக்காக மக்கள் கொடுத்த விவரங்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததாக ஓர் ஆன்லைன் நிறுவனத்தின் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023-ல் அது 78 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. சந்தேகமாக இருந்தால் பாடங்களைத் திரையில் படித்துவிட்டு, நாட்குறிப்பைக் காகித நோட்டில் எழுதலாம். பலனில் பெரிய குறை வந்துவிடாது.

## எப்போது ஆன்லைன் திட்டம் மட்டும் போதாது?

கீழ்க்கண்ட நிலைகளில் திரையை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

1. யாருமில்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுவது.
2. தற்கொலை எண்ணம். இதற்குக் காத்திருக்கவே கூடாது, உடனே அவசர உதவியை நாட வேண்டும்.
3. நாள்பட்ட பழக்கத்தோடு திரும்பத் திரும்ப வரும் கடும் வாந்தி, வயிற்றுவலி. வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால் அது கஞ்சாவாலேயே வரும் வாந்தி நோயாக இருக்கலாம். 2004-ல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு நிரந்தரத் தீர்வு கஞ்சாவை முழுக்க நிறுத்துவதுதான்.
4. கூடவே தினமும் மது அல்லது தூக்க மாத்திரை. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம்.
5. கர்ப்பம்.
6. ஆய்வகத்தில் செய்த செயற்கைக் கஞ்சா. இதன் விலகல் அறிகுறிகள் சாதாரணக் கஞ்சாவைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

திட்டத்தில் மூன்று வாரம் ஓடியும் பயன்படுத்தாத நாட்கள் கூடவில்லை என்றாலும் நேரடி ஆலோசனைக்குப் போகலாம். அமெரிக்காவில் 450 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு அமர்வு ஆலோசனையைவிட ஒன்பது அமர்வு தெளிவாக அதிகப் பலன் தந்தது. போகும்போது அந்த மூன்று வார நாட்குறிப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு, எந்த நேரம், எதோடு கலந்து, ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம் என்று முதல் சந்திப்பில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை மேசைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினாலே போதும்.